அம்மா வீட்டில் பிரசவம் பார்க்கலாமா, டாக்டர்?

“எனக்கு வயது 29. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. மூத்த மகளுக்கு நாலு வயது. அவள் பிறந்தபோது வலி வந்தும் கர்ப்பப்பை வாய் திறக்கவில்லை என்று சிசேரியன் செய்தார்கள். அன்று ராத்திரி நிறைய ரத்தம் போய், இரண்டு பாட்டில் ஏற்றினார்கள். ‘கெட்ட ரத்தம்தான், போனால் நல்லது’ என்று அம்மா இன்றைக்கும் சொல்கிறார். இப்போது இரண்டாவது, 21 வாரம் ஆகிறது. எட்டாவது வாரத்தில் நாலு நாள் திட்டுத் திட்டாக ரத்தம் பட்டது. மாத்திரை கொடுத்தார்கள், மாமியார் கட்டிலை விட்டு எழவே விடவில்லை, நின்றுவிட்டது. நாள் முழுக்க நின்று வேலை பார்த்ததால்தான் அப்படி ஆனதா? போன வாரம் ஸ்கேனில் ‘நஞ்சு முன்பக்கம், கீழே இருக்கிறது, கர்ப்பப்பை வாயிலிருந்து 1 செ.மீ.’ என்று வந்திருக்கிறது. என் ரத்தம் ஓ நெகட்டிவ், கணவருக்கு பாசிட்டிவ். ஹீமோகுளோபின் 9.2. ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்ததும் நத்தம் பக்கத்தில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போய், அங்கேயே ஒரு சின்ன நர்சிங் ஹோமில் பிரசவம் பார்க்கலாம் என்று இரண்டு வீட்டிலும் பேசி வைத்திருக்கிறார்கள். போகலாமா? அதுவரை நான் படுத்தே இருக்க வேண்டுமா?”

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருப்பூர்.

அம்மா வீட்டுக்குப் போகலாமா என்ற கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதற்குத்தான் வீட்டில் நாள் பார்த்துக்கொண்டிருப்பார்கள். வளைகாப்பைத் திருப்பூரிலேயே வையுங்கள். 32 வார ஸ்கேன் கையில் வரும் வரை நத்தம் பயணம் வேண்டாம். அந்த ஸ்கேனில் நஞ்சு, அதாவது கருவுக்கு உணவூட்டும் பிளசென்டா, மேலே ஏறியிருந்தால் அம்மா வீட்டில் போய் இருங்கள், தாராளமாக. ஆனால் அப்போதும் பிரசவம் அந்த நர்சிங் ஹோமில் வேண்டாம். படுத்தே இருக்க வேண்டுமா என்றால், வேண்டியதில்லை.

இப்போது காரணங்களுக்கு வருகிறேன்.

எட்டாவது வாரத்தில் பட்ட ரத்தத்துக்காக நீங்கள் உங்களையே குற்றம் சொல்லிக்கொள்கிறீர்கள். முதல் மூன்று மாதத்தில் நாலு கர்ப்பிணிகளில் ஒருவருக்கு இப்படி ரத்தம் படுகிறது. அதில் பாதிக்கு மேல் கர்ப்பம் நல்லபடியாகவே தொடர்கிறது. ஸ்கேனில் குழந்தையின் இதயத்துடிப்பும் தெரிந்துவிட்டால் நம்பிக்கை இன்னும் கூடும். கரு கர்ப்பப்பைச் சுவரில் ஒட்டும் இடத்தில் கொஞ்சம் ரத்தம் கசிந்து தேங்கியிருக்கும். கர்ப்பப்பை வாய்ப் பகுதி மென்மையாகி, உரசினால் கசியும். சிலருக்குக் காரணமே தெரியாது. கலைந்துபோகும் கர்ப்பங்களில் ஏறக்குறைய பாதி, கருவின் குரோமோசோம் எண்ணிக்கையிலேயே ஏற்பட்ட பிசகால் கலைகின்றன. அது கரு உண்டான நாளிலேயே முடிவாகிவிட்ட விஷயம். நீங்கள் செக்கிங் டேபிளில் நின்றதோ, பஸ்ஸில் குலுங்கிப் போனதோ, ஒரு துண்டு பப்பாளி தின்றதோ அதைச் செய்யாது.

மாமியார் படுக்க வைத்ததால் ரத்தம் நின்றது என்றும் நினைக்க வேண்டாம். படுத்துக்கொண்டே இருந்தால் கருச்சிதைவு தடுக்கப்படும் என்பதற்குச் சான்று இல்லை. வாரக்கணக்கில் அசையாமல் கிடந்தால் கால் நரம்பில் ரத்தம் உறையும் ஆபத்துதான் கூடும். கொடுத்த மாத்திரை புரொஜெஸ்டரோன் என்ற ஹார்மோனாக இருக்கும். அதைப் பற்றி 2019-ல் பிரிட்டனில் ஒரு பெரிய ஆய்வு வெளியானது. ரத்தம் பட்ட எல்லோருக்கும் சேர்த்துப் பார்த்தால் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. முன்பு கருச்சிதைவு ஆனவர்களுக்கு மட்டும் பலன் தெரிந்தது. உங்களுக்கு முன்பு ஆகவில்லை. கொடுத்ததில் தப்பில்லை, அவ்வளவுதான். மாமியார் உங்களை நாலு நாள் அடுப்படிப் பக்கம் விடாமல் பார்த்துக்கொண்டாரே, அதற்காக நன்றி சொல்லலாம்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆரம்ப மாதங்களில் ரத்தம் படுவதோடு அடிவயிற்றின் ஒரு பக்கம் சுருக்கென்று வலித்தாலோ, தோள்பட்டை முனையில் வலி வந்தாலோ, எழுந்தால் கண் இருட்டினாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கரு குழாயில் தங்கியிருந்தால் இப்படி வரும். வெளியே சொட்டுதான் தெரியும், உள்ளே வயிறு நிறையும்.

சரி, உங்கள் நஞ்சுக்கு வருவோம். 20 வாரத்தை ஒட்டி எடுக்கும் ஸ்கேனில் “நஞ்சு கீழே” என்று வருபவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு, பிரசவ நேரத்துக்குள் அது மேலே போயிருக்கும். நஞ்சு நகர்வதில்லை, ஒட்டிய இடத்தில்தான் ஒட்டியிருக்கிறது. ஊதாத பலூனின் வாய்க்குப் பக்கத்தில் பேனாவால் ஒரு புள்ளி வைத்துவிட்டு ஊதுங்கள், புள்ளி வாயை விட்டு விலகிப் போயிருக்கும். கர்ப்பப்பையின் கீழ்ப்பகுதி கடைசி மூன்று மாதத்தில்தான் நன்றாக விரிகிறது. வாய்க்கும் நஞ்சின் விளிம்புக்கும் 2 செ.மீ.க்கு மேல் இடைவெளி வந்துவிட்டால் நஞ்சைப் பற்றிய கவலை பெரும்பாலும் தீர்ந்தது.

உங்கள் விஷயத்தில் என்னை யோசிக்க வைப்பது அந்த 1 செ.மீ.யை விட, ரிப்போர்ட்டில் இருக்கும் ‘முன்பக்கம்’ என்ற சொல். போன சிசேரியனின் தையல் கர்ப்பப்பையின் முன்சுவரில், கீழேதான் இருக்கிறது. நஞ்சு அந்தத் தழும்பின் மேலேயே உட்கார்ந்துவிட்டால், சாதாரணச் சுவரில் ஒட்டுவது போல இலேசாக ஒட்டாமல் தசைக்குள் வேர் விடலாம். அப்படி வேர்விட்ட நஞ்சைக் குழந்தை பிறந்த பிறகு பிரித்து எடுக்கப் போனால் ரத்தம் கொட்டும். 2006-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வின் கணக்கு இது: கர்ப்பப்பை வாயை நஞ்சு மூடியிருந்து, முன்பு ஒரு சிசேரியனும் ஆகியிருந்தால் நூற்றில் 11 பேருக்கு இந்தச் சிக்கல். முன்பு இரண்டு சிசேரியன் என்றால் நூற்றில் 40 பேர். உங்கள் நஞ்சு வாயை மூடவில்லை, பக்கத்தில் இருக்கிறது, அதனால் உங்களுக்கு அந்த 11 பொருந்தாது, அதைவிடக் குறைவு. ஆனால் இல்லவே இல்லை என்று யாராவது பார்த்துச் சொல்ல வேண்டும். 32 வாரம் வரை காத்திருக்காமல், 28 வாரத்தை ஒட்டி, தழும்பையும் நஞ்சையும் குறிப்பாகப் பார்க்கும்படி, ரத்த ஓட்டத்தைக் காட்டும் கலர் டாப்ளர் ஸ்கேன் எழுதித் தரச் சொல்லுங்கள். பிறப்புறுப்பு வழியாக உள்வழி ஸ்கேன் செய்ய வேண்டும் என்பார்கள். பயப்படாதீர்கள், அது கர்ப்பப்பை வாய்க்குள் போவதில்லை. நஞ்சு கீழே இருப்பவர்களுக்கும் பாதுகாப்பானது, தூரமும் துல்லியமாகத் தெரியும்.

இதற்கிடையில் வலியே இல்லாமல் சிவப்பாக ரத்தம் பட்டால், ஒரு ஸ்பூன் அளவானாலும், அதற்கு ஒரே விதிதான்: நேராக, இரவு பகல் அறுவைச் சிகிச்சையும் ரத்த வங்கியும் உள்ள ஆஸ்பத்திரி. வழியில் இருக்கும் கிளினிக்கில் “ஒரு தடவை காட்டிட்டுப் போவோம்” என்று இறங்க வேண்டாம். வாசலில் பார்க்கும் முதல் நர்ஸிடம் “நஞ்சு கீழே இருக்கு, போன தடவை சிசேரியன், நெகட்டிவ் குரூப்” என்று சொல்லிவிடுங்கள். நஞ்சு எங்கே இருக்கிறது என்று தெரியாமல் விரல் விட்டுப் பரிசோதிப்பதால் சொட்டு ரத்தம் வெள்ளமாக மாறலாம். இந்த மூன்று விவரத்தையும் உங்கள் கணவர் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்ல வேண்டும்.

வயிறு கல் மாதிரி இறுகி, விடாமல் வலித்து, குழந்தையின் அசைவு குறைந்தால் அது வேறு சிக்கல்; நஞ்சு நேரத்துக்கு முன்பே பிரிவதாக இருக்கலாம். ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு அதிகம் வரும். அங்கே ரத்தம் வெளியே வராமல் உள்ளேயே தேங்கலாம், அதனால் துணியில் பட்டதா என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கக் கூடாது.

வேலையைப் பற்றி: உட்கார்ந்து பார்க்கும் வேலை தருவார்கள் என்றால் போங்கள். பண்டல் தூக்குவது, நாளெல்லாம் நிற்பது வேண்டாம். தாம்பத்தியத்தை 32 வார ஸ்கேன் வரை தள்ளி வைக்கச் சொல்வேன். இதற்கு வலுவான ஆதாரம் கிடையாது, என்னுடைய எச்சரிக்கை புத்தி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது அம்மா சொல்லும் கெட்ட ரத்தம். இதைக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும்.

நான் மேற்படிப்புப் படித்த அரசு மருத்துவமனையில் ஒரு ராத்திரி. மூன்றாவது குழந்தை, சுகப்பிரசவம், எல்லாம் நல்லபடியாக முடிந்து அந்தப் பெண் கட்டிலில் படுத்திருக்கிறார். குழந்தை யார் ஜாடை என்று பேசிக்கொண்டிருக்கிறார். நான் அடுத்த கட்டிலில் தையல் போட்டுக்கொண்டிருந்தேன். இருபது வருட அனுபவமுள்ள ஒரு சிஸ்டர் அந்தப் பக்கமாகப் போனவர் நின்றார். “டாக்டர், இந்தம்மா கொட்டாவி விடுது” என்றார். பிள்ளை பெற்ற களைப்பில் கொட்டாவி விடுவார்கள்தானே என்று எனக்குத் தோன்றியது. சிஸ்டர் நெற்றியில் கை வைத்தார், ஈரம். தண்ணீர் தண்ணீர் என்று கேட்டிருக்கிறார் அந்தப் பெண். ரத்த அழுத்தம் பார்த்தோம், 108-க்கு 70. பரவாயில்லை என்று சொல்லத் தோன்றும் அளவு. நாடித்துடிப்பு 128. பேடில் அதிகம் இல்லை. ஒருக்களித்துத் திருப்பினோம், முதுகுக்குக் கீழே ரப்பர் ஷீட்டில் ரத்தம் குளமாகத் தேங்கி, ஓரத்தில் கட்டி தட்டியிருந்தது. வயிற்றில் கை வைத்தால் கர்ப்பப்பை எங்கே என்றே தெரியவில்லை, பிசைந்து வைத்த மைதா மாவு மாதிரி கிடந்தது. அது தேங்காய் மாதிரி கெட்டியாக இருக்க வேண்டும். சிஸ்டர் அழுத்தித் தேய்க்கத் தொடங்கினார். நான் ஊசிக்கு ஓடினேன். அப்புறம் துணிகளை எடை போட்டுப் பார்த்தபோது ஏறக்குறைய 1,400 மி.லி. போயிருந்தது. ஒரு கிராம் எடை கூடினால் ஒரு மி.லி. ரத்தம் என்று கணக்கு.

வராந்தாவில் காத்திருந்த அவருடைய அம்மா, நான் ஓடுவதைப் பார்த்துவிட்டுச் சொன்னது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது: “கெட்டது போவுது கண்ணு, போவட்டும் விடு.” ஆறாம் நாள் மகளும் பேரனும் அவரோடு நடந்து வீட்டுக்குப் போனார்கள். சிஸ்டர் அந்தப் பக்கம் போகாமல் இருந்திருந்தால் என்று நான் பல தடவை யோசித்திருக்கிறேன்.

அம்மா சொல்வதில் ஒரு பாதி உண்மை உண்டு. பிரசவத்துக்குப் பிறகு நாலிலிருந்து ஆறு வாரம் வரை உதிரம் படும். முதலில் சிவப்பு, அப்புறம் பழுப்பு, கடைசியில் வெளுத்து நிற்கும். கர்ப்பப்பையின் உள்பூச்சு கழிந்து வருகிறது, வரத்தான் வேண்டும். ஆனால் பிறந்த அன்றைக்குக் கொட்டும் ரத்தம் உங்கள் இதயத்திலிருந்து நேராக வருகிற, முந்தின நிமிடம் வரை உங்கள் மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் ஓடிக்கொண்டிருந்த ரத்தம். அதில் கெட்டது ஒன்றுமில்லை.

நிறைமாதத்தில் கர்ப்பப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்கு மேல் ரத்தம் பாய்கிறது. நஞ்சு பிரிந்ததும் அந்த இடத்தில் ரத்தக்குழாய்கள் திறந்த வாயோடு நிற்கின்றன. கர்ப்பப்பைத் தசை குறுக்கும் நெடுக்குமாகப் பின்னியிருக்கிறது. அது சுருங்கும்போது, பூக்கட்டும் நார் காம்பை இறுக்குவது போல ஒவ்வொரு குழாயையும் இறுக்கி அடைக்கிறது. இறுக்கம் தளர்ந்தால் அத்தனை வாயும் திறந்துகொள்ளும். பிரசவத்துக்குப் பிந்தைய ரத்தப்போக்கில் பத்தில் ஏழு இந்தத் தளர்ச்சியால்தான். மிச்சம் கிழிசல், உள்ளே தங்கிய நஞ்சுத் துண்டு, உறையாத ரத்தம்.

கர்ப்பிணியின் உடம்பில் ரத்தம் வழக்கத்தை விட நாற்பது ஐம்பது சதவீதம் கூடியிருக்கும். அதனால் ஒரு லிட்டர் போகும் வரை கூட உடம்பு சமாளித்துக் காட்டும். ரத்த அழுத்தம் கீழே விழும்போது காரியம் கைமீறத் தொடங்கியிருக்கும். அதற்கு முன்பே காட்டிக்கொடுப்பது நாடித்துடிப்பு. துடிப்பின் எண், ரத்த அழுத்தத்தின் மேல் எண்ணைத் தொட்டாலோ தாண்டினாலோ விபரீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அன்று 128-ம் 108-ம் சொன்னது அதைத்தான். கூட நிற்கப்போகும் உங்கள் அக்காவோ அம்மாவோ மானிட்டரில் பார்த்தே இதைச் சொல்ல முடியும். வியர்வை, தாகம், கொட்டாவி, காரணமில்லாத பதற்றம் இதெல்லாமும் அதே மொழிதான்.

கண்ணளவில் ரத்தத்தை அளந்தால் மருத்துவர்களும் குறைத்தே மதிப்பிடுகிறோம், அன்று நான் ஏமாந்தது போல. இதற்கு விடை நம் பக்கத்து மாநிலத்திலிருந்தே வந்தது. கர்நாடகத்தின் பெலகாவியில், பிரசவத்துக்குப் பிறகு இடுப்புக்குக் கீழே விரிக்கும் ஒரு பிளாஸ்டிக் ஷீட்டை உருவாக்கி ஆய்வில் பயன்படுத்தினார்கள். கீழே பை போல இறங்கி, அதில் மி.லி. கோடு போட்டிருக்கும். பால் டம்ளரில் கோடு பார்ப்பது போல ரத்தத்தைப் பார்க்கலாம். 2023-ல் கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா நாடுகளில் இந்த மாதிரி ஷீட்டை விரித்து, கோடு தாண்டியதும் மருந்துகளை ஒவ்வொன்றாகக் கொடுத்துக் காத்திராமல் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொடுத்துப் பார்த்தார்கள். கடுமையான ரத்தப்போக்கும் அதன் மோசமான விளைவுகளும் சேர்ந்து 60 சதவீதம் குறைந்தன. 2025-ல் உலக சுகாதார நிறுவனமும் பழைய அளவுகோலைத் திருத்தியிருக்கிறது: 500 மி.லி. ஆகட்டும் என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், 300 தாண்டி நாடியோ ரத்த அழுத்தமோ பிசகினாலே சிகிச்சையைத் தொடங்குங்கள் என்கிறது.

அந்த மருந்துகள் அதிசய மருந்துகள் இல்லை. குழந்தை பிறந்த நிமிடத்தில் கர்ப்பப்பையைச் சுருங்க வைக்கும் ஆக்சிடோசின் 10 யூனிட், எல்லோருக்கும், ரத்தம் போனாலும் போகாவிட்டாலும். இதைக் குளிரில் வைக்காவிட்டால் வீரியம் போய்விடும், சின்ன இடங்களில் நான் முதலில் பார்ப்பது பிரிட்ஜைத்தான். ரத்தம் போகத் தொடங்கினால், உறைந்த ரத்தம் கரையாமல் காக்கும் டிரனெக்சாமிக் அமிலம் ஒரு கிராம், மூன்று மணி நேரத்துக்குள். ஜப்பானைச் சேர்ந்த உத்தாகோ ஒகமோட்டோ என்ற பெண் விஞ்ஞானி 1962-லேயே கண்டுபிடித்துச் சொன்னது இது. பிரசவ ரத்தப்போக்கில் இதைப் பரிசோதிக்க வேண்டும் என்று அவர் கேட்டபோது அவருடைய ஊர் மகப்பேறு மருத்துவர்கள் முன்வரவில்லை. 20,000 பெண்களை வைத்து அதை நிரூபித்த ஆய்வு 2017-ல்தான் வெளிவந்தது. அவர் முந்தைய வருடம், 98 வயதில் இறந்துபோயிருந்தார். அடுத்த கட்டமாகக் கர்ப்பப்பைக்குள் பலூன் வைத்து உள்ளிருந்து அழுத்துவார்கள். பலூன் வாங்க வசதியில்லாத இடத்தில் ரப்பர் குழாயில் ஆணுறையைக் கட்டி, உப்பு நீர் நிரப்பி அதே வேலையைச் செய்யலாம் என்று காட்டியவர் டாக்காவின் டாக்டர் சயீபா அக்தர். நானும் செய்திருக்கிறேன். நூறு ரூபாய் கூட ஆகாது.

இதெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், உங்கள் பெயருக்கு நேராக ஏற்கெனவே சில குறிப்புகள் விழுந்துவிட்டன. ஒரு சிசேரியன், ஒரு தடவை ரத்தம் ஏற்றும் அளவுக்குப் போக்கு, நெகட்டிவ் குரூப், கீழே இருக்கும் நஞ்சு, 9.2. ஒரு தடவை அதிகம் போனவர்களுக்கு மறுபடி போகும் வாய்ப்பு மற்றவர்களை விடக் கூடுதல். போகாமலும் இருக்கலாம். போனால் அடுத்த பத்து நிமிடத்தில் என்ன நடக்கும் என்பதை வைத்துத்தான் ஆஸ்பத்திரியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

அந்த நர்சிங் ஹோமை நான் குறை சொல்லவில்லை. நீங்களே போன் போட்டு மூன்று கேள்வி கேளுங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு மயக்க மருத்துவர் வர எத்தனை நிமிடம் ஆகும்? ஓ நெகட்டிவ் ரத்தம் எங்கிருந்து வரும்? இதுவரை இப்படி ஒரு கேஸை வெளியே அனுப்பியிருந்தால் எங்கே அனுப்பினீர்கள்? கேட்கச் சங்கடமாக இருக்கும், கேளுங்கள். நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார், “எங்களிடம் வேண்டாம்மா” என்று அவரே சொல்லிவிடுவார். நத்தத்திலிருந்து மதுரையும் திண்டுக்கல்லும் ஏறக்குறைய ஒரே தூரம், முப்பத்தைந்து நாற்பது கிலோமீட்டர். நத்தம் ரோட்டில் மேம்பாலம் வந்த பிறகு மதுரைக்குள் நுழைவது எளிதாகியிருக்கிறது, இருந்தாலும் ரத்தம் போகும் பெண்ணுக்கு அது நீண்ட தூரம்.

அரசு மருத்துவமனைகளில் சீமாங் மையம் என்ற பலகையைப் பார்த்திருப்பீர்கள். இருபத்துநாலு மணி நேரமும் மகப்பேறு மருத்துவர், மயக்க மருத்துவர், குழந்தை மருத்துவர், ரத்தம் எல்லாம் ஒரே இடத்தில் என்பதுதான் அதன் பொருள். தமிழ்நாட்டில் நூற்றுக்கும் மேல் இருக்கின்றன. இங்கே பிரசவத்தில் இறக்கும் தாய்மார்களின் எண்ணிக்கை உயிரோடு பிறக்கும் ஒரு லட்சம் குழந்தைகளுக்கு 54 ஆக இறங்கியதற்கும் (2018-20 கணக்கு, இந்தியா முழுவதற்கும் அப்போது 97) இந்த ஏற்பாடு ஒரு முக்கியக் காரணம் என்பது என் கணிப்பு. தனியாரில் பார்ப்பதானாலும் இந்த வசதிகள் இருக்கும் இடமாகப் பாருங்கள். உங்களுக்குத் திருப்பூரிலேயே பார்ப்பது எல்லா வகையிலும் எளிது. ஸ்கேன் பார்த்த டாக்டரே கத்தியும் எடுப்பார்.

ரத்தம் பற்றி. இந்தியாவில் நூறு பேரில் ஐந்து பேர் போலத்தான் நெகட்டிவ். கேட்ட நேரத்துக்கு ஓ நெகட்டிவ் கிடைக்காது. கூடப் பிறந்தவர்கள், சித்தப்பா பெரியப்பா பிள்ளைகள் எல்லோருடைய குரூப்பையும் இப்போதே கேட்டு வையுங்கள். அதே குரூப் உள்ள இரண்டு பேரின் போன் நம்பர் கர்ப்பிணி அட்டையின் பின்பக்கம் எழுதியிருக்கட்டும். பிரசவம் பார்க்கும் ஆஸ்பத்திரியின் ரத்த வங்கியிலும் 34 வாரத்துக்குள் சொல்லிவிடுங்கள். கணவர் பாசிட்டிவ் என்பதால் குழந்தையும் பாசிட்டிவாக இருக்கலாம். அந்த ரத்தத்துக்கு உங்கள் உடம்பில் எதிர்ப்பொருள் உண்டாகியிருக்கிறதா என்று பார்க்க ஐ.சி.டி. பரிசோதனை, உண்டாகாமல் தடுக்க 28 வாரத்தில் ஆன்டி-டி ஊசி. இடையில் எப்போது ரத்தம் பட்டாலும் 72 மணி நேரத்துக்குள் ஆன்டி-டி தேவையா என்று நீங்களே நினைவுபடுத்துங்கள். அவசரத்தில் இந்த ஊசிதான் விட்டுப்போகும்.

9.2-ஐ 11-க்கு ஏற்ற உங்களுக்கு இன்னும் மூன்று மாதத்துக்கு மேல் இருக்கிறது. 11 வைத்துக்கொண்டு ஒரு லிட்டர் இழப்பதும் 8 வைத்துக்கொண்டு இழப்பதும் ஒன்றில்லை. மாதுளை, பேரீச்சை, முருங்கைக்கீரை எல்லாம் சாப்பிடுங்கள், ஆனால் அவற்றால் மட்டும் இந்தத் தூரம் ஏற முடியாது. இரும்புச்சத்து மாத்திரையை டீ, காபி, பால், கால்சியம் மாத்திரை எதனோடும் சேர்க்காமல் இரண்டு மணி நேரம் தள்ளி, எலுமிச்சைச் சாற்றோடு போடுங்கள். மலம் கறுப்பாகப் போகும், பயப்பட ஒன்றுமில்லை. ஒரு மாதம் ஒழுங்காகச் சாப்பிட்டும் ஒரு புள்ளி ஏறாவிட்டால் நரம்பு வழியாக இரும்புச்சத்து ஏற்றச் சொல்லிக் கேளுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே போடுகிறார்கள். உங்கள் பகுதி கிராம சுகாதாரச் செவிலியரிடமோ நகர்ப்புற நர்ஸிடமோ உங்கள் பதிவில் “அதிக ஆபத்துள்ள தாய்” என்று குறிக்கச் சொல்லுங்கள். சொல் கேட்கப் பயமாக இருக்கும். அந்தக் குறி இருந்தால் உங்கள் மேல் கூடுதல் கவனம் இருக்கும்.

ஸ்கேன் முடிவுகள் எப்படி வந்தால் என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன். 32-லோ 36-லோ நஞ்சு 2 செ.மீ. தாண்டிவிட்டது, தழும்பும் சுத்தமாக இருக்கிறது என்றால் மற்ற பெண்களைப் போலத்தான் நீங்களும். முதல் சிசேரியனின் காரணத்தைப் பார்த்து சுகப்பிரசவம் முயலலாமா என்று கூடப் பேசலாம். கீழேயே நின்றுவிட்டால், வலி வரும் வரை காத்திருக்காமல் 36, 37 வாரத்தில் நாள் குறித்து சிசேரியன். நஞ்சு தழும்பில் வேர்விட்டிருந்தால் இன்னும் முன்னால், 34-லிருந்து 36-க்குள், மெடிக்கல் காலேஜ் அளவிலான ஆஸ்பத்திரியில். அப்போது கர்ப்பப்பையையே எடுக்க நேரலாம் என்பதையும் முன்கூட்டியே உங்களிடமும் கணவரிடமும் உட்காரவைத்துப் பேசுவார்கள். அந்த மூன்றாவது நிலைமை உங்களுக்கு வர வாய்ப்பு குறைவு.

வீட்டுக்கு வந்த பிறகும் அம்மாவிடம் ஒரு விஷயம் சொல்லி வையுங்கள். ஒரு மணி நேரத்தில் ஒரு பேட் முழுக்க நனைந்தாலோ, எலுமிச்சை அளவுக்கு மேல் கட்டி விழுந்தாலோ, காய்ச்சலோ துர்நாற்றமோ வந்தாலோ அது கெட்ட ரத்தக் கணக்கில் சேராது. பத்தாம் நாளில் கூட இப்படி வரும், உடனே 108. பத்தியம் என்று தண்ணீரைக் குறைக்கவும் வேண்டாம், பால் கொடுக்கும் உடம்பு. நல்லெண்ணெய், பூண்டுக் குழம்பு எல்லாம் அவர் விருப்பப்படியே செய்யட்டும். எங்கள் அம்மாவும் எனக்கு அதைத்தான் செய்து போட்டார்.

உங்கள் கடிதத்தில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது. முதல் பிரசவத்தில் ரத்தம் ஏன் அதிகம் போனது? கர்ப்பப்பை தளர்ந்ததா, வெட்டு பக்கவாட்டில் கிழிந்து நீண்டதா, நஞ்சைப் பிரிக்கச் சிரமப்பட்டார்களா? இந்த மூன்றுக்கும் இந்தத் தடவை தயாராவது வேறு வேறு மாதிரி. அப்போது கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரியில் இரண்டு வரியாவது எழுதியிருப்பார்கள். பெரும்பாலான வீடுகளில் அது பீரோவில் பட்டுச் சேலைக்கு அடியில்தான் இருக்கும். தேடிப் பாருங்கள்; இல்லாவிட்டால் அந்த ஆஸ்பத்திரியில் நகல் கேளுங்கள், நாலு வருடம்தான் ஆகிறது என்பதால் கிடைக்கலாம். 28 வார டாப்ளர் ஸ்கேனுக்குப் போகும்போது அந்தத் தாளும் கையில் இருக்கட்டும். அம்மாவை மார்கழியோ தையோ, உங்கள் கணக்கில் எட்டாம் மாதம் பிறக்கும்போது, திருப்பூருக்கு வந்து தங்கச் சொல்லுங்கள். மூத்தவளைப் பள்ளிக்கு அனுப்ப யாராவது வேண்டுமே.